ஆழமான முனையில் நிற்கும் மருத்துவர்கள்

(கட்சிக் கல்வி வகுப்பில் மருத்துவத் துறைத் தோழர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆரம்ப சுகாதாரம் குறித்து நமது கோரிக்கைகள் என்னவென்று கேட்டால், இந்த அரங்கில் உள்ள எவரும் தயங்காமல் சொல்லிவிடுவீர்கள். காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும், மருந்துகள் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும், தனியார்மயத்தைக் கைவிட வேண்டும், நிதி ஒதுக்கீட்டை உயர்த்த வேண்டும். இவை அனைத்தும் நியாயமான கோரிக்கைகள். இவற்றிலிருந்து நாம் ஓர் அங்குலமும் பின்வாங்கப் போவதில்லை. ஆனால் நிரப்பப்பட்ட அந்தப் பணியிடத்தில் வந்து அமரும் மருத்துவர் என்ன செய்வார், யாரோடு சேர்ந்து செய்வார் என்பதை நாம் அதிகம் விவாதித்ததில்லை. இன்று அதை விவாதிக்கலாம் என்று நினைக்கிறேன். அதற்காக உங்களைச் சற்று நேரம் ஸ்காட்லாந்துக்கு அழைத்துச் செல்கிறேன்.

ஏன் ஸ்காட்லாந்து? அங்கே மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. மருத்துவமனையில் கட்டணம் இல்லை. 2011 முதல் மருந்துச் சீட்டுக்கும் கட்டணம் இல்லை. அதாவது, நாம் எதைக் கோரிப் போராடிக்கொண்டிருக்கிறோமோ அது பெருமளவுக்கு அங்கே நடைமுறையில் இருக்கிறது. கட்டணம் என்ற தடை அகன்ற பிறகும் ஏழையின் உடல்நலத்தில் எது குறுக்கே நிற்கிறது என்பதை அறிய அதைவிடச் சிறந்த இடம் இல்லை.

2008இல் உலக சுகாதார அமைப்பின் ஆணையம் ஒன்று, மைக்கேல் மார்மட் தலைமையில், உடல்நலத்தின் சமூகக் காரணிகள் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதில் கிளாஸ்கோ பெருநகரத்தின் இரண்டு பகுதிகள் ஒப்பிடப்பட்டிருந்தன. வசதியான லென்சி பகுதியில் ஓர் ஆணின் சராசரி ஆயுள் 82. சில மைல் தொலைவிலுள்ள கால்ட்டன் பகுதியில் 54. தோழர்களே, 54 என்பது அன்றைய இந்திய ஆண்களின் சராசரியைவிடவும் குறைவு! கப்பல் கட்டும் தளங்களும் எஃகு ஆலைகளும் மூடப்பட்ட ஒரு தொழிலாளர் நகரத்தில், இலவச மருத்துவம் இருந்தபோதே, இது நிகழ்ந்தது.

இதைப் புரிந்துகொள்ள அங்குள்ள ஏற்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். பிரிட்டனில் ஒவ்வொருவரும் தம் பகுதியிலுள்ள ஒரு பொது மருத்துவ நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துகொள்கிறார். சில மருத்துவர்கள் கூட்டாக நடத்தும் சிறு நிலையம் அது. காய்ச்சலானாலும் மன உளைச்சலானாலும் முதலில் அங்குதான் செல்ல வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு அவர்கள்தான் அனுப்புவார்கள். நிலையத்துக்கு வரும் பணத்தின் பெரும்பகுதி எத்தனை பேரைப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்தது அல்ல. பதிவேட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. வராத நோயாளியும் அந்த மருத்துவரின் பொறுப்பில்தான் இருக்கிறார். நம் நாட்டில் இல்லாத, ஆனால் மிகவும் முக்கியமான ஒரு கூறு இது.

ஆனால் இந்த மருத்துவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டு சுயேச்சையாகத் தொழில் நடத்துபவர்கள். இது 1948இல் செய்துகொள்ளப்பட்ட ஒரு சமரசத்தின் விளைவு. தேசிய சுகாதார சேவையை உருவாக்கிய அமைச்சர் அன்யூரின் பெவன், வேல்ஸ் நாட்டு ட்ரெடெகர் ஊரின் சுரங்கத் தொழிலாளி. அவ்வூரில் தொழிலாளர்கள் தம் கூலியில் ஒரு சிறு பகுதியைச் செலுத்தி நடத்திய மருத்துவ உதவிச் சங்கத்தைத்தான் அவர் நாடு முழுவதற்கும் விரித்தார். மருத்துவமனைகளை அவரால் தேசவுடைமை ஆக்க முடிந்தது. பொது மருத்துவர்களை ஊதியம் பெறும் ஊழியர்களாக்க முடியவில்லை. மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்பு அவ்வளவு கடுமையாக இருந்தது. சோசலிஸ்ட் மருத்துவர் சங்கம் கோரிய கூட்டுச் சுகாதார நிலையங்கள் சட்டத்தில் இடம்பெற்றன. ஆனால் முதல் பதினைந்து ஆண்டுகளில் மிகச் சிலவே கட்டப்பட்டன. பெரும்பாலான மருத்துவர்கள் தனித்தனியாக, ஒருவர் என்ன செய்கிறார் என்று மற்றவர் அறியாமல், பணியாற்றினார்கள்.

அந்தத் தனிமைக்குள் நின்றபடி மிகப் பெரிய உண்மை ஒன்றைக் கண்டவர் ஜூலியன் ட்யூடர் ஹார்ட். கம்யூனிஸ்ட். கட்சி வேட்பாளராக நாடாளுமன்றத் தேர்தலில் நின்றவர். 1960களின் தொடக்கத்தில் தெற்கு வேல்ஸின் கிளின்கோரக் என்ற சின்னஞ்சிறு சுரங்கக் கிராமத்துக்கு மருத்துவராகச் சென்று, சுரங்கம் மூடப்பட்ட பிறகும் அங்கேயே தங்கினார். தன்னிடம் பதிவு செய்திருந்த வயதுவந்தோர் அனைவரின் இரத்த அழுத்தத்தையும் அளந்தார். நோய் என்று வந்தவர்களை மட்டுமல்ல, வராதவர்களையும் தேடிச் சென்று அளந்தார். கால் நூற்றாண்டு காலம் இவ்வாறு பின்தொடர்ந்ததன் முடிவு 1991இல் வெளியானது. 65 வயதுக்கு முன் இறப்போரின் விகிதம், அதேபோன்ற வறுமையுள்ள அண்டைக் கிராமத்தைவிட அங்கே குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது.

1971இல் 'லான்செட்' இதழில் அவர் எழுதிய கட்டுரைதான் 'தலைகீழ்ப் பராமரிப்பு விதி'. மருத்துவம் எங்கே மிகுதியாகத் தேவைப்படுகிறதோ அங்கேதான் அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். இந்த முதல் பாதியை உலக வங்கி வல்லுநர்கூட மேற்கோள் காட்டுவார். இரண்டாம் பாதியைத்தான் வசதியாக மறந்துவிடுவார்கள். மருத்துவம் சந்தை சக்திகளுக்கு எவ்வளவு திறந்துவிடப்படுகிறதோ அவ்வளவுக்கு இந்த விதி முழுமையாகச் செயல்படும் என்று ஹார்ட் எழுதினார். ஆகவே இது இயற்கையின் விதி அல்ல. மனிதர்கள் ஏற்படுத்தியது, மனிதர்கள் மாற்றக்கூடியது.

ஹார்ட்டிடம் அந்தக் கிராமத்தில் பணியாற்றிய இளம் மருத்துவர்களில் ஒருவர் கிரஹாம் வாட். பிற்காலத்தில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பொது மருத்துவப் பேராசிரியரானார். நான் சொல்ல வந்த கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

2009இல் வாட்டும் அவருடைய சகாக்களும் ஸ்காட்லாந்தின் சுமார் ஆயிரம் பொது மருத்துவ நிலையங்களை, அவற்றில் பதிவு செய்திருப்போரின் வறுமையின் அடிப்படையில் வரிசைப்படுத்தினார்கள். மிக வறிய மக்களுக்குச் சேவை செய்யும் 100 நிலையங்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. பெரும்பாலானவை கிளாஸ்கோவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருந்தன. நீச்சல்குளத்தின் ஆழமான முனையைக் குறிக்கும் 'டீப் எண்ட்' என்ற சொல்லையே தங்கள் அணிக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். வசதியான பகுதி மருத்துவருக்குக் கால் தரையில் பாவும், இவர்களுக்குப் பாவாது. தேசிய சுகாதார சேவை தொடங்கி அறுபது ஆண்டுகள் கடந்தும், இந்த மருத்துவர்களை ஓர் அணியாக அழைத்து எவரும் பேசியதில்லை என்று அவர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

முதல் கூட்டத்தை எப்படி நடத்தினார்கள் என்பது அமைப்பாளர்களாகிய நமக்கு முக்கியம். வறிய பகுதியின் மருத்துவர் ஒரு நாள் விடுப்பு எடுத்தால், அன்று வரும் நோயாளிகளை யார் பார்ப்பது? ஆகவே பதிலி மருத்துவருக்கான ஊதியத்தை முதலில் ஏற்பாடு செய்தார்கள். அதன் பிறகுதான் கூட்ட அழைப்பு அனுப்பினார்கள். இந்தச் சிறு செலவு இல்லாமல் அந்த இயக்கமே இல்லை. நாம் எத்தனை கூட்டங்களுக்கு, ஒருநாள் கூலியை இழந்து வர வேண்டியவர்களை, அந்த இழப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் அழைத்திருக்கிறோம்! அது கிடக்கட்டும்.

கூடியவர்களிடம் நிபுணர் எவரும் பாடம் நடத்தவில்லை. உங்கள் அறையில் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். பேசியதை எழுதினார்கள், அறிக்கையாக வெளியிட்டார்கள். இவ்வாறு முப்பதுக்கும் மேற்பட்ட அறிக்கைகள் வந்துள்ளன. நலிந்த குடும்பங்களின் குழந்தைகள், மதுப் பழக்கம், மனநலம் எனப் பல பொருள்கள். 2012இல் வெளிவந்த ஓர் அறிக்கை சிக்கன நடவடிக்கைகளின் விளைவைப் பற்றியது. வேலை செய்ய இயலாதோருக்கான உதவித்தொகையைக் குறைப்பதற்காக அப்போதைய லண்டன் அரசு ஒரு தகுதிச் சோதனையை நடத்தி வந்தது. அந்தச் சோதனை ஒரு தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. தொகை நிறுத்தப்பட்டவர்கள் எங்கே செல்வார்கள்? பதிவு செய்துள்ள மருத்துவரிடம்தான் சென்றார்கள். பசியும் பதற்றமும் கடனும் நோயின் வடிவில் மருத்துவரின் மேசைக்கு வந்தன. தனித்தனி மருத்துவர் இதைத் தன் நோயாளியின் துயரமாகவே பார்த்திருப்பார். பலரும் ஒரே அறையில் அமர்ந்து பேசியபோது அது அரசின் கொள்கையாகத் தெரிந்தது.

அடுத்து, அவர்கள் கணக்கெடுத்தார்கள். 2012இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு ஒன்று ஸ்காட்லாந்தின் 17.5 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தது. ஒருவருக்கே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நாள்பட்ட நோய்கள் சேர்ந்து வருவது, மிக வறிய பகுதிகளில் 10 முதல் 15 ஆண்டுகள் முன்னதாகவே தொடங்கிவிடுகிறது என்று அது காட்டியது. அதாவது, வசதியான பகுதியில் அறுபத்தைந்து வயதில் வருவது இங்கே ஐம்பதில் வருகிறது. அதிலும் உடல் நோயோடு மனநோய் சேர்ந்து வருவது மிகுதி. தேவை இவ்வளவு ஏறும்போது மருத்துவர்களின் எண்ணிக்கையும் நிதியும் ஏறியிருக்க வேண்டும் அல்லவா? ஏறவில்லை. தலைக்கு இவ்வளவு என்ற ஒதுக்கீடு, பணக்காரப் பகுதிக்கும் ஏழைப் பகுதிக்கும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருந்தது. ஆகவே ஏழைப் பகுதி மருத்துவரிடம் இல்லாமற்போவது மருந்து அல்ல, நேரம். அங்கே ஒரு நோயாளிக்கு வழக்கமாக ஒதுக்கப்படுவது பத்து நிமிடம். நான்கு நோய்களும் வீட்டு வாடகைப் பாக்கியும் மகனைப் பற்றிய கவலையும் கொண்ட ஒரு பெண்ணிடம் பத்து நிமிடத்தில் என்ன கேட்க முடியும்? மூட்டுவலிக்கு மாத்திரை எழுதலாம்.

நம் நாட்டு மருத்துவர் ஒருவர் பத்து நிமிடம் என்று கேட்டால் சிரிப்பார் என்பது எனக்குத் தெரியும். நானே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு காலைப் பொழுதில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 'பார்த்தேன்' என்ற சொல்லை அங்கே எவ்வளவு தளர்வாகப் பயன்படுத்தினோம் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பேசியதும் எண்ணியதும் போதாது என்று அவர்கள் ஏற்பாட்டையே மாற்ற முயன்றார்கள். கிளாஸ்கோவின் கோவன் பகுதி, ஒரு காலத்தில் கப்பல் கட்டும் தொழிலாளர்களின் கோட்டை. அங்கே ஒரே சுகாதார நிலையக் கட்டடத்தில் இயங்கிய நான்கு மருத்துவ நிலையங்கள் 2015இல் ஒரு கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. கூடுதல் மருத்துவர் நேரத்துக்கு நிதி பெற்று, சிக்கலான நோயாளிகளுக்கு நீண்ட நேரம் ஒதுக்கினார்கள். சமூகப் பணியாளர்கள் நிலையத்தோடு இணைக்கப்பட்டார்கள். மருத்துவர், செவிலியர், சமூகப் பணியாளர் ஆகியோர் மாதந்தோறும் அமர்ந்து குறிப்பிட்ட குடும்பங்களைப் பற்றிக் கலந்து பேசினார்கள்.

இன்னொரு முயற்சி 'இணைப்புப் பணியாளர்' திட்டம். ஏழு நிலையங்களில் தொடங்கியது. கடன், தனிமை, உதவித்தொகை, வீட்டுப் பிரச்சனை என்று மாத்திரையால் தீராதவற்றோடு வருபவரை, அப்பகுதியிலுள்ள சங்கங்களோடும் ஆலோசனை மையங்களோடும் இணைப்பதற்கென ஒரு முழுநேரப் பணியாளர். சில நிலையங்களில் உதவித்தொகை ஆலோசகர் மருத்துவருக்குப் பக்கத்து அறையிலேயே அமர்ந்தார். நலத்திட்ட அலுவலகத்தின் வாசலை மிதிக்கக் கூசியவர்கள் மருத்துவர் சொல்லி அவரிடம் போனார்கள். பின்னர் ஸ்காட்லாந்து அரசு 250 இணைப்புப் பணியாளர்களை நியமிப்பதாக அறிவித்தது.

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. இணைப்புப் பணியாளர் திட்டத்தை ஆய்வு செய்தவர்கள் 2019இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அனுப்பப்பட்டவர்கள் அனைவரையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒன்பது மாதங்களில் அவர்களுடைய வாழ்க்கைத் தரத்தில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. பணியாளரை மூன்று முறையோ அதற்கு மேலோ சந்தித்தவர்களிடம் மட்டும் பலன் தெரிந்தது. இதை மறைக்காமல் வெளியிட்டது அந்த மருத்துவர்களின் நேர்மை. ஆனால் நாம் இதிலிருந்து என்ன புரிந்துகொள்ள வேண்டும்? வீடு இல்லாதவரை இணைப்புப் பணியாளர் எந்த வீட்டோடு இணைப்பார்? உள்ளாட்சியின் நிதி வெட்டப்பட்டு, சமூக மையங்கள் மூடப்பட்டுக்கொண்டிருக்கும்போது, இணைக்கப்படும் மறுமுனையில் என்ன இருக்கிறது? மருத்துவ நிலையங்களின் ஒத்துழைப்பு எவ்வளவு சிறந்ததானாலும், அரசு பறித்ததை அது ஈடுகட்டாது. டீப் எண்ட் மருத்துவர்களும் இதை அறிவார்கள். 2018இல் ஸ்காட்லாந்தில் புதிய மருத்துவர் ஒப்பந்தம் வந்தபோது, அதன் நிதிப் பகிர்வு முறை தலைகீழ் விதியைத் திருத்தவில்லை என்று அவர்கள் வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். சங்கமாகக் கூடியிருந்ததால்தான் எதிர்க்கவும் முடிந்தது.

இங்கே எல்லையைத் தாண்டி இங்கிலாந்தைப் பார்ப்போம். அங்கும் 2019 முதல் மருத்துவ நிலையங்கள் ஒன்றுசேர்க்கப்பட்டுள்ளன. 30,000 முதல் 50,000 மக்களுக்கு ஒன்று என்ற அளவில், சுமார் 1,250 ஆரம்ப சுகாதார வலையமைப்புகள். காகிதத்தில் பார்த்தால் கோவனில் நடந்ததுதான் நாடு முழுதும் நடப்பதுபோல் தோன்றும். ஆனால் இது மேலிருந்து வந்தது. மருந்தாளர், இயன்முறை மருத்துவர் போன்றோரை நியமிக்க இந்த வலையமைப்புகளுக்குத் தனி நிதி தரப்பட்டது. அந்த நிதியில் பொது மருத்துவரை நியமிக்க 2024 அக்டோபர் வரை அனுமதி இல்லை. மருத்துவர் கிடைக்கவில்லை என்று மக்கள் காத்திருக்க, தகுதி பெற்ற மருத்துவர்கள் வேலை தேடி அலைந்த விசித்திரம் அங்கே நடந்தது. வலையமைப்புகள் எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை; சில இடங்களில் நல்ல பணி நடக்கிறது.

மூன்றாவது வகை ஒன்றுசேர்தலும் உண்டு. லண்டனில் பல மருத்துவ நிலையங்களை நடத்திவந்த ஒரு மருத்துவர் நிறுவனம், 2021இல் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனமான சென்டீனின் துணை நிறுவனத்தின் கைக்கு மாறியது. உள்ளூர் மக்கள் நீதிமன்றம் வரை சென்றார்கள். 2023இல் அது இன்னொரு தனியார் குழுமத்துக்கு விற்கப்பட்டது. பதிவேட்டில் பெயர் கொடுத்த இலட்சக்கணக்கான மக்கள் இரண்டு முறை கைமாறினார்கள். அவர்களை எவரும் கேட்கவில்லை. பெவன் செய்த சமரசத்தின் விலை இவ்வாறு எழுபது ஆண்டுகள் கழித்து வசூலிக்கப்பட்டது. மருத்துவர் தன் நிலையத்தின் உடைமையாளராக இருந்தால், உடைமை விலைபோகவும் கூடும். ஆகவே 'மருத்துவ நிலையங்கள் கைகோத்துச் செயல்படுகின்றன' என்ற செய்தியைப் படிக்கும்போது, யார் கூட்டினார்கள், எதன்பொருட்டு என்று கேளுங்கள். நூறு ஏழை நிலையங்கள் கூடியதும் ஒத்துழைப்பு. நிதி மூலதனம் வாங்கிக் குவித்ததும் ஒத்துழைப்பு என்றே பெயர் பெறும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1946இல் போர் குழு அளித்த அறிக்கை பிரிட்டனின் அதே காலத்துச் சிந்தனையோடு நெருங்கிய தொடர்புடையது. சமூக மருத்துவ அறிஞர் ஜான் ரைலும், சோவியத் மருத்துவத்தை ஆராய்ந்து எழுதிய ஹென்றி சிகரிஸ்ட்டும் அக்குழுவுக்கு ஆலோசனை வழங்க அழைக்கப்பட்டவர்கள். பணம் இல்லை என்பதால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்ற கோட்பாட்டில் அது நின்றது. ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அமைப்பே அங்கிருந்து வந்ததுதான். ஆனால் நடந்தது என்ன? 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூட அரசு மருத்துவமனைகளுக்குச் செல்லவில்லை. ஒன்றிய பாஜக அரசு பெருமையாகப் பேசும் காப்பீட்டுத் திட்டம், மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தரும். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் மருந்து வாங்கும் தொழிலாளிக்கு அதில் ஒன்றுமில்லை. துணை சுகாதார நிலையங்களின் பெயர்ப்பலகையை 'ஆரோக்கிய மந்திர்' என்று மாற்றியதில் மட்டும் வேகம் குறையவில்லை.

கேரளத்தில் வேறொரு பாதை முயலப்பட்டது. 1990களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கப்பட்டன. 2017இல் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய ஆர்த்ரம் இயக்கம் அவற்றைக் குடும்ப சுகாதார நிலையங்களாக மாற்றியது. புறநோயாளர் பிரிவு மாலை வரை நீண்டது. கூலி வேலைக்குச் செல்பவர் வேலை முடிந்து வரலாம் என்பதே இதன் பொருள். கூடுதல் மருத்துவரையும் ஊழியரையும் உள்ளாட்சியே நியமித்த இடங்கள் உண்டு. இதன் குறைகளையும் கேரளத் தோழர்கள் பேசியிருக்கிறார்கள். அதற்குத் தனி வகுப்பு வேண்டும்.

நான் பணியாற்றிய காலத்தில் மாதம் ஒருமுறை ஆய்வுக் கூட்டம் நடக்கும். பல நிலையங்களின் மருத்துவர்கள் ஒரே மண்டபத்தில் அமர்ந்திருப்போம். கருத்தடை அறுவை எத்தனை, தடுப்பூசி எத்தனை, ஏன் இலக்கு குறைந்தது என்று ஒவ்வொருவரையும் எழுப்பிக் கேட்பார்கள். குறைந்தவர் தலை குனிந்து நிற்பார். மற்றவர்கள் தம் முறை வருமோ என்று காகிதத்தைப் புரட்டுவோம். நான் பணியிலிருந்த ஆண்டுகளில், உங்கள் ஊரில் என்ன பார்க்கிறீர்கள் என்று எங்களை ஒருவரும் கேட்டதில்லை. நாங்களும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை. அதைத்தான் இப்போது அதிகம் நினைத்து வருந்துகிறேன். அடுத்த ஊரின் செங்கல் சூளையில் இருமிக்கொண்டிருந்தவர்களும் என் ஊரின் சூளையில் இருமிக்கொண்டிருந்தவர்களும் ஒரே முதலாளியிடம் வேலை செய்தவர்கள் என்பதைப் பணி ஓய்வுக்குப் பிறகு தற்செயலாகத்தான் அறிந்தேன்.

எனவே, தோழர்களே, என் யோசனை சிறியது. மிக வறிய மக்கள் வாழும் ஒரு வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள். அருகருகே உள்ள நான்கைந்து ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருத்துவர்கள், செவிலியர்கள், ஆஷா பணியாளர்கள் ஆகியோரை, விருப்பமுள்ள தனியார் மருத்துவர்களையும் சேர்த்து, ஒரு மாலை கூட்டுங்கள். ஆஷா பணியாளரின் ஊக்கத்தொகை அன்று இழப்பாகுமென்றால் அதைச் சங்கம் ஈடுகட்டட்டும். நாம் உரையாற்ற வேண்டாம். கேட்போம், எழுதிக்கொள்வோம். எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், ஒருவருக்கு எத்தனை நிமிடம் கிடைக்கிறது, யார் வருவதே இல்லை என்று எண்ணிக்கையோடு எழுதுவோம். அந்த அறிக்கையை மருத்துவர்களின் பெயரிலேயே வெளியிடத் தயங்குவார்கள். அரசு ஊழியருக்கு நடத்தை விதிகள் உண்டு. அப்படியானால் சங்கத்தின் பெயரில் வெளியிடுவோம். நாம் அதை எடுத்துக்கொண்டு ஊராட்சிக்கும் சட்டமன்றத்துக்கும் செல்வோம்.

அடுத்த அமர்வில் ஆஷா சங்கத் தோழர்கள் இருவர் தம் பகுதி அனுபவத்தைச் சொல்ல இருக்கிறார்கள். நான் முன்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்க வேண்டியிருக்கிறது. கேள்விகளை அதன் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.